வீடு ஓடும், வாரண்டி நிற்குமா?

அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லப்படுவது சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏ.சி., குளியலறை, கழிப்பறை, அதற்கு அடியில் ஒரு தொட்டி என்று எல்லாம் அதற்குள் உண்டு. சொந்த எஞ்சினில் ஓடினால் மோட்டார்ஹோம். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது டிரெய்லர். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த முன்னோர், கட்டிய வீட்டை மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓட்டிப் பார் என்று சேர்க்கவில்லை. வீடு என்றால் நின்ற இடத்தில் நிற்கும் என்று நம்பிய அப்பாவிகள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தயாராகின்றன. உலகின் ஆர்.வி. தலைநகரம் என்பது அந்த ஊர் தனக்கே சூட்டிக்கொண்ட பட்டம். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் தச்சு வேலையும் கோக்கிற வேலையும்தான். மோட்டார்ஹோமின் அடிச்சட்டமும் எஞ்சினும் ஃபோர்டு, மெர்சிடீஸ், ஃபிரெய்ட்லைனர் போன்றவர்களிடமிருந்து வரும். ஜெனரேட்டர் ஒருவர் கொடுப்பது, ஃபிரிட்ஜ் இன்னொருவர் கொடுப்பது, ஏ.சி. மூன்றாமவர் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி, தனி தொலைபேசி எண். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டால், ஃபிரிட்ஜ்காரர் வண்டி கட்டியவரின் ஒயரிங்கைக் காட்டுவார். வண்டி கட்டியவர், ஃபிரிட்ஜுக்குத்தான் தனி அட்டை இருக்கிறதே என்பார். பந்தியில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் பெண் வீட்டார் சமையல்காரரைக் காட்ட, அவர் மளிகைக்காரரைக் காட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பந்தியிலாவது இலையில் உப்பு வைத்திருப்பார்கள்.

புது வண்டியின் வசிக்கும் பகுதிக்குக் கட்டிய கம்பெனி கொடுக்கும் வாரண்டி பெரும்பாலும் ஓராண்டு. எஞ்சினுக்கு அதைவிடக் கூடுதல் காலம் கிடைக்கும். ஓராண்டு என்பது கேட்கத்தான் ஓராண்டு. குளிர் மாநிலங்களில் பனிக்காலம் வருமுன் குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத திரவத்தை ஊற்றி, வண்டியை மூடி வைத்துவிடுவார்கள். வண்டி தூங்கும், வாரண்டி தூங்காது, அதன் நாட்கள் கழிந்துகொண்டே இருக்கும். வசந்தத்தில் எடுத்துப் பார்த்துக் குறை கண்டு கடைக்குக் கொண்டு போனால், அதே குறையோடு பாதி ஊர் முன்னால் வரிசையில் நிற்கும்.

இந்தப் பயத்தில் விற்கப்படுவதுதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது நீட்டித்த வாரண்டி. இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது வாரண்டி அல்ல என்பது. 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பொருளின் விலைக்குள்ளேயே அடங்கி, விற்பனையின் பகுதியாக எழுத்தில் தரப்படும் வாக்கு வாரண்டி. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, பிற்காலத்தில் பழுது பார்த்துத் தருவதாகச் செய்துகொள்வது சேவை ஒப்பந்தம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகைக்கும் சீட்டுக் கட்டி எடுக்கும் நகைக்கும் உள்ள தூரம் இது. இரண்டும் தங்கம்தான், ஆனால் சீட்டில் நகை கைக்கு வரும்வரை சீட்டு நடத்துகிறவர் ஊரில் இருக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணுக்கும் இந்த வண்டி சற்றுக் குழப்பமான பிராணிதான். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைத் தயாரித்த கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டங்களை அமெரிக்காவில் எலுமிச்சைச் சட்டம் என்பார்கள். அங்கே வாங்கி ஏமாந்த வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். நம்மூரில் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதை அங்கே வண்டியாகவே விற்கிறார்கள் போலும். கலிஃபோர்னியாவின் சட்டம் 'புதிய மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்தையும் ஓட்டத்துக்கான பகுதியையும் சேர்க்கிறது; மனிதர் வசிப்பதற்கான பகுதியைச் சேர்க்கவில்லை. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சட்டம், எழுந்து பின்னால் போய்ப் படுத்தால் வேறு கணக்கு.

ஒப்பந்தம் விற்கப்படும் இடத்தையும் கவனிக்க வேண்டும். டீலர் கடையில் வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஏறி இறங்கி, விலை பேசி, கை குலுக்கி முடிந்த பிறகு, வாங்குகிறவரை ஃபைனான்ஸ் அறை என்ற சிறிய அறைக்கு அழைத்துப் போவார்கள். அதற்குள் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் புது வண்டியின் கட்டிலில் குதித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையில் 5,000 டாலர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மாதத்துக்கு 48 டாலர்தான் கூடும்' என்பார்கள். ஆர்.வி. கடன்கள் 15 ஆண்டு, 20 ஆண்டு வரை நீள்பவை. 5,000 டாலரை 8 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடனோடு சேர்த்தால் மாதத் தவணை 48 டாலர்தான், பொய்யில்லை. கட்டி முடிக்கும்போது மொத்தம் 8,600 டாலர் ஆகியிருக்கும். ஒப்பந்தமோ ஏழு ஆண்டோடு முடிந்துபோகும். மீதி எட்டு ஆண்டும் செத்த மாட்டுக்குப் புல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஏழிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல ஒப்பந்தங்களில் கணக்கு தொடங்குவது வண்டி வாங்கிய நாளிலிருந்து. கம்பெனி வாரண்டி முடிந்த நாளிலிருந்து அல்ல. முதலாண்டில் வரும் பழுதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்பதால், நீட்டித்ததாகச் சொன்ன ஏழு நிஜத்தில் ஆறு.

அந்த அறையில் வெளியே சொல்லப்படாத விஷயங்கள் இரண்டு. ஒப்பந்தத்தின் விலையில் டீலரின் லாபம் அடங்கியிருக்கிறது, ஆகவே பல இடங்களில் பேரம் பேசலாம். மேலும், அன்றைக்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பதும் இல்லை. கம்பெனி வாரண்டி முடிவதற்குள் வேறு இடத்தில் விசாரித்தும் வாங்கலாம். புடவைக் கடையில் நூறு ரூபாய் குறைக்க முக்கால் மணி நேரம் வாதாடும் குடும்பங்கள்கூட, இந்த அறையில் ஏசி குளிரில் சாதுவாகிவிடுகின்றன.

ஒப்பந்தங்கள் இரண்டு ஜாதி. ஒன்று, எந்தெந்தப் பாகங்களுக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது. பட்டியலில் இல்லாத பாகத்துக்குப் பைசா கிடையாது. மற்றது, எந்தெந்தப் பாகங்களுக்குப் பொறுப்பில்லை என்று மட்டும் பட்டியல் போட்டு, மற்றவை அனைத்தையும் ஏற்றுக்கொள்வது. முன்னது பத்திரிகை வைத்தவருக்கு மட்டும் பந்தி. பின்னது ஊரையே அழைத்துவிட்டு, வரக்கூடாதவர் பெயர்களை வாசலில் ஒட்டி வைப்பது. பின்னதுதான் விலை கூடுதல், பொதுவாக நல்லதும்கூட. ஆனால் வாசலில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் உள்ளே போகக்கூடாது. விற்பவர் கையில் வைத்து விசிறும் வண்ணப் பிரசுரத்தில் அந்தப் பட்டியல் இருக்காது. முழு ஒப்பந்தத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். தர மறுத்தால் வாசிக்கும் வேலை மிச்சம், எழுந்து வந்துவிடலாம்.

வரக்கூடாதவர் பட்டியலில் முதலில் நிற்பது தண்ணீர். ஆர்.வி.யின் பரம வைரியும் தண்ணீர்தான். கூரை பெரும்பாலும் ரப்பர் போன்ற ஒரு விரிப்பு. அதில் ஏ.சி.க்கு ஓர் ஓட்டை, காற்றுப்போக்கிக்கு ஓர் ஓட்டை, கழிவுத்தொட்டியின் வாடை வெளியேற ஓர் ஓட்டை. ஓட்டைகளின் ஓரமெல்லாம் பசை பூசி அடைத்திருப்பார்கள். வீடு ஓடும்போது ஆடும். ஆடும்போது பசை வெடிக்கும். வெடிப்பில் மழை இறங்கும். இறங்கிய தண்ணீர் சுவருக்குள்ளிருக்கும் மரத்தை ஊற வைத்து மக்க வைக்கும். வெளிப்பக்கத்து ஃபைபர் தகடு பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். சரி செய்ய ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். ஒப்பந்தத்தில் பசைக்குப் பொறுப்பில்லை, கசிவால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை, பராமரிக்காததால் வந்த எதற்கும் பொறுப்பில்லை. கூரைப் பசையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லும் தயாரிப்பாளர் கையேடுகள் பல. ஓய்வுபெற்று ஓய்வாக ஊர் சுற்ற வண்டி வாங்கியவர், ஆண்டுக்கு நாலு முறை ஏணி வைத்துக் கூரை ஏற வேண்டும். ஏறிய தேதியைப் படத்தோடு குறித்தும் வைக்க வேண்டும்.

அடுத்தது தேய்மானம். பாகம் பொட்டென்று உடைந்தால் பழுது. மெல்ல மெல்லத் தேய்ந்து ஓய்ந்தால் தேய்மானம். முதலாவதற்கு மட்டுமே பணம் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. எது எது என்று தீர்ப்புச் சொல்பவர் பணம் தர வேண்டியவரே. தேய்மானமும் சேர்ந்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இதைவிட நுட்பமானது சங்கிலிப் பழுது. பட்டியலில் இல்லாத ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அதனால் பட்டியலில் உள்ள எஞ்சின் சூடேறிப் பாழானால், எஞ்சினுக்கும் இல்லை என்று சொல்லும் வாசகம் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. குழாய் செய்த பாவத்தை எஞ்சின் சுமக்கும்; எஞ்சினைச் சொந்தக்காரர் சுமப்பார்.

ஃபிரிட்ஜ் ஒரு தனிக்கதை. பல ஆர்.வி.களில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத வகை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய முறை. கேஸ் சுடரின் சூட்டைக் கொண்டே அம்மோனியாவைச் சுழல விட்டுக் குளிரூட்டும். நெருப்பு மூட்டி ஐஸ் எடுக்கும் அந்த அதிசயத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை, வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்தி நெடுநேரம் ஓட விட்டால் உள்ளே திரவம் தேங்கி ஃபிரிட்ஜ் கெட்டுவிடும். ஒப்பந்தத்தில் ஃபிரிட்ஜ் இருக்கும். தவறாகப் பயன்படுத்திய ஃபிரிட்ஜ் இருக்காது. ஆகவே கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று ஆர்.வி.க்காரரிடமும் இருக்கும். அழகான மலையடிவாரத்தில் போய் நின்றதும் மலையைப் பார்க்காமல் ரசமட்டத்தின் குமிழைப் பார்ப்பவரைக் கண்டால், அவர் பொறுப்பான உரிமையாளர் என்று அறியலாம்.

எலி கடித்த ஒயர் சேராது. வண்டியையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவரை ஏற்காத ஒப்பந்தங்களும், வாடகைக்கு விடுவதை ஏற்காதவையும் உண்டு.

பழுது வந்தபின் நடப்பது வேறு நாடகம். வேலையைத் தொடங்குமுன், ஒப்பந்தத்தை நடத்தும் நிர்வாகக் கம்பெனிக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தர, பழுது எதில் என்று தெரிய வேண்டும். தெரிய, பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கிற கூலி, பழுது பட்டியலில் உள்ளதுதான் என்று உறுதியாகும்வரை சொந்தக்காரர் கணக்கு. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர் கையிலிருந்து போட வேண்டிய தொகை ஒன்றும் உண்டு. அது கடைக்கு ஒருமுறை போவதற்கா, பழுது ஒவ்வொன்றுக்குமா என்பதில்தான் விஷயம். ஒரே பயணத்தில் மூன்று பழுதைக் காட்டினால் 100 டாலரா 300 டாலரா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மெக்கானிக்குக்குக் கம்பெனி நேரே பணம் கட்டுமா, முதலில் கட்டிவிட்டு ரசீதோடு காத்திருக்க வேண்டுமா என்பதும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. ஊரைவிட்டு 2,000 மைல் தள்ளி நிற்கும் வண்டிக்கு, விற்ற டீலரிடமே கொண்டுவா என்னும் ஒப்பந்தம் வெறும் காகிதம்.

கடைசியில் பணம் யாருடையது? விற்பவர் டீலர்; போனை எடுப்பவர் நிர்வாகி; பின்னால் ஒரு காப்பீட்டுக் கம்பெனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேமன் தீவுகளில் பதிவு செய்து, நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலிருந்து இயங்கி, வாகன ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நின்ற நேஷனல் வாரண்டி என்ற காப்பீட்டு நிறுவனம் 2003-இல் திவாலானபோது, அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இதே வியாபாரத்தின் பெயரால் 2021-இல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட தானியங்கி அழைப்புகளை அனுப்பிய ஒரு கூட்டத்துக்கு, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2023-இல் ஏறக்குறைய 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்நாட்டு மக்கள் தொகையால் வகுத்தால், தொட்டில் குழந்தை உட்பட ஆளுக்கு 15 அழைப்பு. தானாகத் தேடி வரும் வாரண்டியை வாங்காமலிருக்க இந்த ஒரு கணக்கு போதும்.

யாருக்கு இது தேவை என்றால், பெரிய டீசல் எஞ்சினும், பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும் அறைகளும், மின்னணுப் பெட்டிகளும் நிறைந்த மோட்டார்ஹோம்காரர், ஒரே பழுதில் பத்தாயிரம் டாலர் புரட்ட முடியாதவரானால், யோசிக்கலாம். எஞ்சினே இல்லாத சிறிய டிரெய்லருக்கு, அதே தொகையை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைப்பது உத்தமம். அந்தக் கணக்கு தண்ணீருக்கும் பணம் தரும், எலிக்கும் தரும், அனுமதியும் கேட்காது.

வாங்கிய பிறகு மனம் மாறினால் ரத்து செய்யலாம். தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் என்றால் பெரும்பாலும் முழுப் பணம். பிறகு கழிந்த காலத்துக்கு ஏற்பக் குறைத்துக் கொடுப்பார்கள். கடனில் சேர்த்திருந்தால் அந்தப் பணம் வங்கிக்குப் போகும். மாதத் தவணை குறையாது, கடன் சற்று முன்னதாக முடியும், அவ்வளவுதான். வண்டியை இன்னொருவருக்கு நேரடியாக விற்றால், குறித்த நாட்களுக்குள் கட்டணம் கட்டி ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியும். டீலரிடம் மாற்றாகக் கொடுத்தால் பெரும்பாலும் முடியாது. மாற்றுவதற்கான படிவம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஒப்பந்தம் வண்டியிலேயே, ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் பரணில் இருக்கும். மழை முதலில் ஒழுகுவது அந்தப் பரணில்தான்.