தட்டைத் திருப்பிப் பார்ப்பவர்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊர்ப்புற மைதானங்களில் 'கார் பூட் சேல்' கூடும். கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டி காலத்துச் சாமான்களை விற்பார்கள். வெளிச்சம் வருமுன்னே ஒருவர் டார்ச்சும் கையுமாக அங்கே உலாவுவார். போலீஸ்காரர் சந்தேகப்பட்டால் தப்பில்லை. ஆனால் அவர் தேடுவது நீல அச்சுப் பீங்கான்.

மற்றவர்கள் தட்டில் படத்தைப் பார்ப்பார்கள். இவர் கவிழ்த்து முதுகைப் பார்ப்பார். அங்கே 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் முகம் வாடிவிடும். அது பெரும்பாலும் 1891-இல் வந்த அமெரிக்கச் சுங்க விதிக்குப் பிந்திய சரக்கு. வைர வடிவ முத்திரை இருந்தால் புருவம் உயரும். 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவான வடிவம்.

ஒரு முத்திரையும் இல்லையா? மனிதருக்கு உற்சாகமே அப்போதுதான்.

பெண் வீட்டார் ஜாதகத்தை அலசுவதுபோல அலசத் தொடங்குவார். அடி வளையத்து இடுக்கில் மெருகு நீலம் பாரித்துத் தேங்கியிருக்கிறதா? சூளையில் தட்டைத் தாங்கிய முக்காலியின் தழும்புகள் எங்கே? விளிம்பு வேலைப்பாட்டில் ஒட்டு தெரிகிறதா? கடைசிக் கேள்விதான் அவருக்கு உயிர். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை கோபால்ட் மையால் மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளைத் தட்டில் அழுத்தி ஒட்டிய பிறகே மெருகேற்றிச் சுடுவார்கள். விளிம்புக்குத் தனித் துண்டுகள். ஒட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. இருநூறு ஆண்டுக்கு முன் ஒருத்தி அவசரத்தில் பாதிப் பூவோடு பாதி இலையைச் சேர்த்திருந்தால், இவர் அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரிப்பார்.

அவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு: "ஓ, வில்லோ தட்டா?" நீலமாக இருப்பதெல்லாம் வில்லோ என்று உலகம் நினைப்பதில் அவருக்குத் தீராத வருத்தம். பாலத்தில் மூவர், வானில் இரு புறாக்கள் இருந்தால்தான் வில்லோ என்பார். அந்தப் படத்துக்குப் பின்னால் சொல்லப்படும் சீனக் காதல் கதையைச் சீனாவில் எவரும் கேட்டதில்லை, தட்டு விற்பதற்காக இங்கிலாந்திலேயே கட்டிவிட்டது என்பார். அதற்குள் உங்கள் தேநீர் ஆறிவிடும்.

தமிழர் யாராவது அகப்பட்டால் விடமாட்டார்.

"எந்த ஊர் நீங்கள்? மதுரைப் பக்கமா? உங்கள் ஊர்க் கோட்டை என் சுவரில் தொங்குகிறது!"

பொய்யில்லை. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இந்தியாவைச் சுற்றி வரைந்த படங்களை அக்காலக் குயவர்கள் கூசாமல் நகலெடுத்தார்கள். 1842-இல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை கேட்பாரில்லை. லிவர்பூலின் ஹெர்குலேனியம் பீங்கான் ஆலை மதுரைக் கோட்டைக் காட்சியைப் பெரிய தாம்பாளங்களில் அச்சிட்டது. வறுத்த மாட்டிறைச்சி அதன்மேல் ஏறிப் பிரபுக்களின் மேசைக்குப் போயிற்று.

வீட்டில் சுவரெல்லாம் தட்டுகள், கம்பிக் கொக்கிகளில். குடும்பம் சாப்பிடுவதோ சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளைத் தட்டில். மனைவி ஒருநாள் பொறுக்காமல் ஸ்போட் நிறுவனத்தின் 'ப்ளூ இத்தாலியன்' செட் ஒன்றை வாங்கி வந்தார். 1816-இல் தொடங்கி இன்றுவரை விற்பனையில் இருக்கும் வடிவம்தான். கணவர் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். "புதுசு" என்று வைத்துவிட்டார். அதில் சோறு தின்னலாம் என்பதே அவர் கண்ட குறை.