அரைப்பேர் கிராமம்

அரைநாட்டுப்புறத் தன்மை என்று மேலைநாட்டு நகரத் திட்டக்காரர்கள் சொல்லும் பண்பு, நகரத்தில் சம்பாதித்த பணத்தோடு நகரத்தின் ஓரத்தில் காணி வாங்கிக் குடியேறியவர்கள், தமக்குப் பின்னால் இன்னொருவரும் அதே பணத்தோடு அங்கே வந்துவிடுவாரோ என்று கவலைப்படத் தொடங்கும் நாளில் கண்டுபிடிப்பதாகும். அதன் இலக்கணம் எளிது: மரம் இருக்கவேண்டும், ஆனால் இலை முற்றத்தில் விழக்கூடாது, சேவல் கூவவேண்டும், ஆனால் ஏழு மணிக்குப் பிறகு கூவவேண்டும், பாதை ஒடுங்கியதாக இருக்கவேண்டும், ஆனால் சொந்தக் கார் திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருக்கவேண்டும். இத்தன்மையைக் காக்க அயலவர் கூடி அமைப்பது குடிமக்கள் சங்கம் எனப்படும். இங்கிலாந்தில் நாட்டுப்புறத்தைக் காப்பதற்கென்றே 1926இல் ஒரு பேரவை நிறுவப்பட்டது. கலிபோர்னியாவின் லொஸ் அல்டோஸ் ஹில்ஸ் மக்கள் ஒரு படி மேலே போய், தம் ஊரின் நாட்டுப்புறச் சாயல் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக 1956இல் அதைத் தனி நகரமாகவே பதிவுசெய்துகொண்டு, ஒரு வீடு கட்ட ஓர் ஏக்கர் காணியாவது வேண்டுமென விதித்தனர். கிராமமாக இருப்பதற்காக நகரமாகும் இந்த வித்தை பணக்காரருக்கு மட்டுமே கைவரக்கூடியது.

அந்த ஓர் ஏக்கரை இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பது பயனுடையது. இலங்கையில் வீட்டுக்காணியை அளக்கும் அலகு பேர்ச்சஸ். 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். தோட்டத் தொழிலாளருக்கான தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கெனப் பேசப்பட்டது 7 பேர்ச்சஸ். ஆகவே, கலிபோர்னியாவில் ஒரு வீடும் ஒரு நாயும் மூச்சுவிடத் தேவையெனச் சட்டம் கருதிய இடத்தில், பதுளைப் பக்கத்தில் ஏறத்தாழ 23 குடும்பங்கள் கோழிகளோடும் மாமியாரோடும் குடியிருக்க முடியும். அந்த 7 பேர்ச்சசும் கைக்கு வராதவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய வீடுகள். வீடு என்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவும் முன்னால் இஸ்தோப்பு எனும் விறாந்தையும். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான் என்பதால், அயலவர் சங்கம் அங்கே தனியாகக் கூடவேண்டிய அவசியமில்லை. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் அவரவர் காம்பராவில் படுத்திருக்கும்போதே கூட்டம் நடப்பெண்ணுடன் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் இருமினால் மூன்றாம் காம்பராவிலிருந்து கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி ஆலோசனை வரும்.

தெமோதரை இத்தகைய தோட்டங்கள் சூழ்ந்த ஊர். கொழும்பிலிருந்து பதுளைக்கு 1924இல் வந்துசேர்ந்த ரயில் பாதையில், எல்லவைக் கடந்ததும் வருவது. இங்கே மலைச்சரிவு ரயில் இறங்கக்கூடியதைவிடச் செங்குத்தாக இருந்ததால், பாதை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்தச் சிக்கலில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு இந்த யோசனையைப் பெற்றார் என்று ஒரு கதை உண்டு. கங்காணி என்பவர் ஆட்களைச் சேர்த்து வந்து வேலை வாங்கிய மேற்பார்வையாளர். ஆட்களைச் சுற்றிவிடுவதில் அவருக்கிருந்த தேர்ச்சி பலரும் அறிந்ததாகையால், ரயிலைச் சுற்றிவிட்டதும் அவரே என்பதை ஊர் ஐயமின்றி நம்புகிறது. தோட்டத்திலிருந்து புறப்படும் மனுக்களும் இதே பாதையைத்தான் பின்பற்றுகின்றன: புறப்பட்ட இடத்தைச் சுற்றிவந்து அதற்கு அடியில் நுழைகின்றன. ரயில் மட்டும் மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது.

இந்த ஊரைக் கிராமம் என்பதா, நகரம் என்பதா என்ற வினாவுக்கு அரசாங்கம் நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டது. குடிசன மதிப்பீட்டில் நாடு நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், குடியிருக்கும் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள பெருந்தோட்டம் மூன்றாவதில் சேரும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 4.4 சதவீதத்தினர் இவ்வாறு நகரத்திலும் இல்லாமல் கிராமத்திலும் இல்லாமல் வசித்தனர். சுற்றிலும் மலை, பனி, மாட்டுப்பட்டி, போஞ்சிக்கொடி, அட்டை என ஒரு கிராமத்துக்கு வேண்டிய சாமான்கள் அனைத்தும் குறைவறக் கிடைத்தும் அது கிராமமாகவில்லை. தோட்டத்து மொழியில் இதற்குப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. ஒரு நாள் வேலையைப் பதிவதற்குப் பேர் போடுதல் என்று பெயர். கொழுந்து நிறுவையில் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார், அதாவது நாள் முழுவதும் மலையில் நின்றவருக்கு அரைநாள் சம்பளம். நாட்டுப்புறத்துக்குரிய எல்லா வேலையையும் செய்து முடித்த தோட்டத்துக்கு அரசாங்கம் போட்டதும் அரைப்பேரே. மேலைநாட்டார் சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற ‘அரை’ இங்கே கேளாமலே கிடைத்தது.

சங்கம் இங்கே இல்லாமலில்லை. தோட்டத்தில் சங்கம் என்றாலே தொழிற்சங்கம்தான். அதற்குச் சந்தா சம்பளத்திலேயே வெட்டப்படுகிறது. எனவே குடிமக்கள் சங்கம் அமைப்பதில் ‘சங்கம்’ என்ற பகுதியில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை, ‘குடிமக்கள்’ என்ற பகுதியில்தான் சற்றுத் தாமதம் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்தாரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியவர்களின் சிக்கல் சட்டத்தில் தீர 2003 வரை ஆனது. ஒரு சங்கத்தின் உறுப்பினர் தகுதியைச் சரிபார்க்க 55 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட செயலாளர் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாட்டுப்புறச் சாயலைக் காப்பதில் தெமோதரைக்கு வாய்த்த உண்மையான காவலன் எந்தச் சங்கமும் அல்ல, ஒரு சட்டப் பிரிவு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று கூறப்பட்டுவந்தது. தோட்டத்தார் வாக்களித்துச் சபைக்கு அனுப்பிய உறுப்பினர், தாம் வசிக்கும் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு குழியை மூடச் சொல்ல முடியாமல், அக்குழியைத் தாண்டியே சபைக்குப் போய்வந்தார். 2018இல் இப்பிரிவு திருத்தப்படும்வரை 31 ஆண்டுகள் தோட்டத்துப் பாதைகள் எவ்வித நவீனக் கறையும் படியாமல் பாதுகாக்கப்பட்டன. இங்கிலாந்துப் பேரவையினர் இப்படியொரு பிரிவு கிடைத்திருந்தால் பேரவையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நடைமுறையில் ஊர்க் காரியம் பார்ப்பவை கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமுமே. மரண உதவிச் சங்கம் என்பது, மாதம் ஒரு சிறு தொகை கட்டியவரின் வீட்டில் சாவு விழுந்தால் கொட்டகை, நாற்காலி, தேநீர் ஆகியவற்றைப் பொறுப்பேற்கும் அமைப்பு. இதன் கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஐந்து மணிக்கு என்று அறிவிக்கப்பட்டு, ஆறே காலுக்குத் தொடங்கும். முதலில் சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்படும். அதில் ‘தலைவர் விளக்கம் அளித்தார்’ என்று இருப்பதைத் தலைவர் ‘நீண்ட விளக்கம்’ எனத் திருத்தச் சொல்வார். அடுத்து, கல்யாணத்துக்கு இரவல் போன நாற்காலிகளில் திரும்பி வராதவை பற்றிய விவாதம், வழக்கமாக அத்தோடு பொழுது சாய்ந்துவிடும். பாதைக்குக் கொங்கிறீட் போடக் கேட்டு மனு எழுதும் விடயம் கடைசியாக வரும்போது, ஓட்டோ வைத்திருக்கும் இளைஞர்கள் ஆதரிக்க, மூலையிலிருந்து ஒரு கிழவர், “பாத நல்லானா வட்டிக்காரன் வாசலுக்கே வந்துருவான் தம்பி, இப்ப முச்சந்தியோட திரும்பிப் போறான்ல” என்பார். நாட்டுப்புறத் தன்மையைக் காப்பதற்கு உலகில் சொல்லப்பட்ட காரணங்களில் இதைவிட வலுவானது ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. மனு மறு கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.

ஆயினும் ஊவா மக்களுக்குக் கூடிக் காக்கத் தெரியாது என்று எவரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. உமா ஓயா நீரைச் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து வறண்ட தென்கிழக்குக்கு அனுப்பும் திட்டத்தில், சுரங்கத்துக்குள் நீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்கள் வெடித்தபோது, 2017இல் அந்நகரில் மக்கள் திரண்டு கடையடைத்துப் போராடினர். அங்கே சாயல் பற்றி யாரும் பேசவில்லை. வாளி கிணற்றின் அடியில் மோதும் சத்தம் பற்றிப் பேசினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது.

சாயல் பற்றிய பேச்சு ரயிலில் வருகிறவர்களுடையது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921இல் கட்டப்பட்டதாகக் கூறப்படும் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் ஆனது, உருக்கு இல்லை, 300 அடி நீளம். அதைப் படம்பிடிக்க உலகமே வருகிறது. எல்லவில் விடுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிவிட்டதால் மனம் நொந்த பயணி, அவ்விடுதிகளில் ஒன்றின் நான்காம் மாடியில் தங்கி, கட்டடம் பெருகுவதைப் பற்றி வருந்திவிட்டு, கெடாத இடம் தேடித் தேயிலை மலைக்குள் நடந்து வருகிறார். லயத்துத் தகரக்கூரையும் அதிலிருந்து எழும் விறகுப் புகையும் அவருக்கு மிகவும் பிடித்துப்போகின்றன. இது இப்படியே இருக்கவேண்டும் என்று அவர் சொல்வதை வழிகாட்டி மொழிபெயர்த்தால், குழாயடியில் நிற்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தகரம் ஒழுகும் இடத்தில் வைத்த பேசின் படத்தில் விழுவதில்லை.

மலையின் இந்தச் சாயலைத் தாமே முழுமையாக அனுபவிப்பவை குரங்குகள். வீட்டுத்தோட்டத்துக் கோவாவையும் பலாப்பிஞ்சையும் அவை பகிர்ந்துகொள்வது தாங்காமல் நாடெங்கும் விவசாயிகள் முறையிட்டதால், விவசாய அமைச்சு 2025 மார்ச் 15ஆம் தேதி காலை 8.00 மணி முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடங்களில், குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை அவரவர் காணியில் நின்று எண்ணித் தரும்படி நாட்டு மக்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே வேலையாக நின்ற அத்தருணத்தை, உலகின் மிகப்பெரிய அயலவர் சங்கக் கூட்டமாகவும் கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் போடும் சடங்கு, நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகப் பழக்கமானதால், லயத்துக்காரருக்கு இதில் புதுமை ஏதும் இருந்திருக்காது. பெரட்டுக்குப் பிந்தி வந்தவருக்கு வேலையில்லை என்பது அங்கே விதி. அன்று எட்டு மணி ஆறு நிமிடத்துக்குப் பலாமரத்தில் வந்து குதித்த குரங்குகளுக்கு அரைப்பேர்கூட விழவில்லை.