எண்ணெய்த் தலையோடு 150 கிலோமீட்டர்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஏரி உண்டு, கலெக்டர் ஆபீஸ் உண்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலூர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் பஸ்கள் உண்டு. அருவி கிடையாது. அங்கே வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவருக்கு இது வெகுநாள் குறை. பாத்ரூம் ஷவரில் தண்ணீர் சொட்டுகிற அழகைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடுவதற்குள் ஒருமுறையாவது முதுகில் தொம்மென்று விழுகிற தண்ணீரில் நின்றுவிடுவது என்று சபதம் எடுத்தார்.

"ஜவ்வாது மலையில பீமன் அருவி இருக்குதே மாமா, நம்ம ஜில்லாவுலயே" என்றான் மச்சான். வண்டி ஓட்டப்போகிறவன் அவன்தான்.

"அது மழை பேஞ்சாதான் அருவி, மத்த நாள்ல பாறை. விழுந்தா காவேரி விழணும்டா."

ஒகேனக்கல் என்று முடிவாயிற்று.

முதல் பயணம் ஆடி மாதம். ஒகேனக்கல் கரையில் எண்ணெய் தேய்த்து, முதுகில் தாளம் போட்டு, கழுத்தைச் சொடுக்கெடுத்து அனுப்புகிற மசாஜ்காரர்கள் உண்டு. அதற்குத் தனியாகக் காசு கொடுப்பானேன் என்று கணக்கர் விடியற்காலை நாலு மணிக்கே வீட்டில் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார். பழைய வேட்டியை சீட்டில் விரித்து உட்கார்ந்தார். தண்டராம்பட்டு, தானிப்பாடி, அரூர், தருமபுரி, பென்னாகரம் என்று சுமார் 150 கிலோமீட்டர். ஜன்னல் திறந்தே இருந்தது. வழிநெடுகப் பறந்த புழுதியில் பாதி அவர் மேல் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. தருமபுரியில் டிபன் சாப்பிட உட்கார்ந்தபோது பரிமாறிய பையன் ஓரடி தள்ளி நின்றே சாம்பார் ஊற்றினான்.

மலைப்பாதை வளைவுகளை இறங்கி ஊருக்குள் போனால், போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். "குளிக்கத் தடை. பரிசலுக்கும் தடை. நீர்வரத்து ஜாஸ்தி." பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்து, கொஞ்சம் இரக்கத்தோடு, "எண்ணெயோடவே கிளம்பிட்டீங்களா ஐயா?" என்றார்.

குற்றாலத்து அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒகேனக்கல்லுக்குக் கிளம்புகிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. குற்றாலத்தில் மலையிலிருந்து சிற்றாறு இறங்குகிறது. ஒகேனக்கல்லில் முழுக் காவேரியே பாறைகளுக்கு நடுவில் பல கிளைகளாகப் பிரிந்து பள்ளத்தில் குதிக்கிறது. குடகிலும் வயநாட்டிலும் மழை வலுத்தால் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பும், திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கிறார்கள். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அந்தக் கணக்கும் அந்த இடத்து அளவுதான். இரண்டு மாநிலங்கள் வழக்காடுகிற அதே எண்ணை வைத்துத்தான், வேங்கிக்கால் கணக்கர் அன்றைக்குக் குளிக்கலாமா கூடாதா என்பதும் தீர்மானமாகிறது.

அன்றைய நீர்வரத்து லட்சம் கன அடிக்குப் பக்கத்தில். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கணக்கர் சும்மா இருப்பாரா? பேப்பர் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார். நொடிக்கு 28 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர்! வேங்கிக்காலில் கோடைக்கு வருகிற தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் 235 லாரி கவிழ்கிறது. "ஒரு லோடுக்கு ரெண்டு நாள் காத்துக் கெடக்கிறோம்" என்று சம்சாரம் பெருமூச்சு விட்டாள்.

லட்சம் கன அடி என்றால் உலகத்தில் என்ன மரியாதை என்பதற்கு நயாகராவைப் பார்க்கலாம். அமெரிக்காவும் கனடாவும் 1950-ல் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தில் பகல் நேரத்தில் நயாகராவில் நொடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி விழ வேண்டும். ராத்திரியிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். மிச்சத்தை மின்சாரம் எடுக்கத் திருப்பிவிடலாம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக ஒப்பந்தம் எழுதி அருவியைக் கொட்டவைக்கிறார்கள். நம்மிடம் அதே அளவு தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். நம்மவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நயாகராவுக்குப் போகிறவன் சீயக்காய்ப் பொட்டலத்தோடு போவதில்லை.

தூரத்தில் நின்று பார்க்க மட்டும் அன்றைக்கு விட்டார்கள். பாறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செம்மண் நிறத்தில் ஆறு ஒரே பரப்பாகப் புரண்டு போக, மேலே வெள்ளையாகப் புகை. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. புகைகிற பாறை என்று பேர் வைத்தவன் இப்படியொரு ஆடியில்தான் வந்திருக்க வேண்டும். கணக்கரின் அம்மா, வீட்டில் எல்லாருக்கும் ஆயா, கையெடுத்துக் கும்பிட்டு, "தலையில ஒரு சொம்பு ஊத்திக்க விடமாட்டேன்றாங்களே தாயே" என்று காவேரியிடமே முறையிட்டாள். மீன் வாங்கிக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தருகிற அம்மாக்கள் அங்கே உண்டு. அவர்கள் புண்ணியத்தில் பயணம் முழு நஷ்டமாகவில்லை. கணக்கர் ராத்திரி பதினொரு மணிக்கு வேங்கிக்கால் வீட்டில், அதே ஷவரின் கீழே, அரைமணி நேரம் எண்ணெய் போக்கினார்.

இரண்டாவது பயணம் மே மாதம். தடை கிடையாது, போலீஸ்காரர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. காரணம் சீக்கிரமே தெரிந்தது: நீர்வரத்து சில நூறு கன அடி. ஆடியில் காணாமல் போயிருந்த பாறைகளெல்லாம் வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அருவியில் குளித்தார்கள், ஆனால் வீட்டு ஷவருக்கும் அதற்கும் கட்டணம்தான் வித்தியாசம் என்று சம்சாரம் அபிப்பிராயப்பட்டாள்.

பரிசல் மட்டும் ஏமாற்றவில்லை. மூங்கிலில் முடைந்த பெரிய கூடை அது. அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்துவார்கள்; இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லாத ஒரே வாகனம். உயிர்காப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினால், இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கிற பாறைகளுக்கு நடுவில் ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போய், நடு ஆற்றில் பம்பரம்போல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார் பரிசல்காரர். ஆயா கண்ணை மூடிக்கொண்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இன்னொரு பரிசல் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அதில் மிக்சர், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ். "நடு ஆத்துலயும் கடையாடா!" என்றாள். முறுக்கும் வாங்கினாள்.

அதற்குப் பிறகு கணக்கர் ஒரு நோட்டுப் போட்டார். தினமும் காலையில் பேப்பரைப் பார்த்து, தேதி, நீர்வரத்து, தடை உண்டா இல்லையா என்று மூன்று கட்டம். 2024 ஜூலை கடைசியில் லட்சத்தைத் தாண்டிப் போன எண்களுக்கு அடியில் சிவப்புக் கோடு. பேப்பரில் தங்கம் விலை பார்க்கிற வீட்டில் இவர் காவேரி விலை பார்க்கிறார் என்று மச்சான் கிண்டல் செய்தான்.

மூன்றாம் முறை நோட்டைப் பார்த்துக் கிளம்பினார்கள். எட்டாயிரம் கன அடி, தடை இல்லை. மெயின் அருவியில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். முதல் அடி பிடரியில் விழுந்தது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஞாபகம் வந்தது. சத்தத்தில் மச்சான் கத்துவது கேட்கவில்லை. கண்ணாடியை அருவி எடுத்துக்கொண்டது. அது இந்நேரம் மேட்டூர் அணையில் இருக்கும்.

நீங்கள் போவதாக இருந்தால் முதல் நாள் சாயங்காலமே நீர்வரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூக்குக் கண்ணாடியைக் கரையில் இருக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் அங்கேயே கிடைக்கிறது.