அரசு வக்கீலுக்கு ஷிப்ட்டா, பீஸ் ரேட்டா?

கேள்வி: என் மகள் திருப்பூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அரசு வக்கீலானால் சம்பளம், புரமோஷன் எல்லாம் எப்படிங்க?
(ஒரு வாசகி, பல்லடம்)

பதில்: பனியன் கம்பெனி கணக்கிலேயே சொல்கிறேன், அம்மா. இங்கே ஷிப்ட் சம்பளமும் உண்டு, பீஸ் ரேட்டும் உண்டு.

ஷிப்ட் சம்பளக்காரர் உதவி அரசு வழக்கறிஞர், நிலை இரண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பில் நிற்பவர் இவர்தான். ஐந்து வருடம் கிரிமினல் கோர்ட்டில் ப்ராக்டீஸ் செய்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். அடிப்படைச் சம்பளம் ரூ. 56,100-இல் தொடங்கும்; படிகள் தனி. பிறகு நிலை ஒன்று, துணை இயக்குநர் என்று சீனியாரிட்டிப்படி ஏறலாம்.

செஷன்ஸ் கோர்ட்டின் அரசு வழக்கறிஞர் பீஸ் ரேட் மாதிரி. ஏழு வருட அனுபவம் வேண்டும்; செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து கலெக்டர் தரும் பட்டியலிலிருந்து அரசு நியமிக்கும். கட்டணம் உண்டு, புரமோஷன் கிடையாது. ஆட்சி மாறினால் நாற்காலியும் மாறும். தையல் சரியாக இருந்தும் டெய்லரை மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் நிற்பது பாதிக்கப்பட்டவரின் வழக்கு.

மகளைத் தேர்வு எழுதச் சொல்லுங்கள். கிரிமினல் கேஸ் கட்டுகளை இப்போதே படித்துப் பழகட்டும்.