புயலுக்கு முந்தைய நாள்: கேள்வி – பதில்

கேள்வி: சிவப்பு எச்சரிக்கை வந்தபின் ஏற்பாடுகளைத் தொடங்கினால் போதாதா?

பதில்: சிவப்பு, செயலில் இறங்குவதற்கான நிறமே தவிர, கடைக்குப் பட்டியல் எழுதுவதற்கான நிறமன்று, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் முறைப்படி மஞ்சளில் கவனித்து, ஆரஞ்சிலேயே ஆயத்தமாகிவிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கையில் எதிர்பார்க்கப்படும் ‘அதிகனமழை’ எனப்படுவது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையாகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும் என்பதால், ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அன்று ஏறத்தாழ 19,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரிக்கும் மேலான நீர், கேட்காமலேயே வந்து இறங்கும். அத்தனையும் வெளியேற வேண்டிய குழாயின் வாயை ஒரு பிடி வேப்பஞ்சருகு அடைத்துவிடக்கூடும் என்பதால், அச்சருகை அள்ளுவதே ஆரஞ்சு நாளின் முதல் வேலை.

கேள்வி: காற்று திடீரென்று அடங்கினால், விழுந்த தேங்காய்களைப் பொறுக்கலாமா?

பதில்: தேங்காய்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. அந்த அமைதி, புயலின் ‘கண்’ ஊருக்கு மேலே வந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கண் என்பது வலுத்த புயலின் நடுவே காற்று தணிந்திருக்கும் வட்டப் பகுதி. அதைச் சூழ்ந்துள்ள ‘கண்சுவர்’ என்னும் மேக வளையத்தில்தான் காற்றின் வேகம் உச்சத்தை எட்டும். வங்கக் கடல் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், மேற்கு நோக்கி நகரும் புயலில் முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று, கண் கடந்தபின் தெற்கிலிருந்து வீசும். வடக்குக் காற்றில் வேர் தளர்ந்த மரமும் ஆணி கழன்ற தகரமும் எதிர்ப்பக்க அடியைத் தாங்குவது அரிது. புயல் முழுமையாகக் கரையைக் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும்.

கேள்வி: ஒரு நாள் மின்சாரம் இல்லாததற்கு இத்தனை ஏற்பாடா?

பதில்: 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் நின்றால் மோட்டாரும் நிற்கும், அதனோடு குடிநீரும் நிற்கும். எனவே, மேல்நிலைத் தொட்டியையும் குடங்களையும் முன்னதாகவே நிரப்பி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளை இரண்டு வாரங்களுக்கு வாங்கி, கைபேசி அணைந்தாலும் உதவும்படி உறவினர் எண்களைத் தாளில் எழுதி, குடும்ப அட்டையோடும் நிலப் பத்திரத்தோடும் நீர் புகாத பையில் வைக்க வேண்டும்.

கேள்வி: முகாமுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பாட்டியை என்ன செய்வது?

பதில்: அவர் மறுப்பதற்குக் காரணம் பல வீடுகளில் கொட்டகையில் கட்டியிருக்கும் மாடு, ஆகவே வாதாடுவதை விட்டு, மாட்டை முதலில் மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்வது நல்லது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததைப் போன்ற ‘புயல் எழுச்சி’, அதாவது புயல்காற்று உந்தக் கடல்நீர் உயர்ந்து ஊருக்குள் புகுவது, கட்டிய கயிற்றில் நிற்கும் விலங்கிற்குத் தப்ப வழி தராது. ஓட்டிச் செல்ல நேரமில்லையெனில் கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும். அதன்பின்னும் பாட்டி அசையாவிட்டால், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்குப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.