நியூ டவுனில் சுப்பையா தீதி

அன்புள்ள அம்மாவுக்கு,



"நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வச்சது எவளோ கிழவிக்குத் தலை சீவி விடவா?"ன்னு போன்ல கேட்ட பாரு, அப்ப உன் மருமகன் பக்கத்துல இருந்தாக. அதான் பதில் பேசாம வச்சிட்டேன். தலையும் சீவணும்மா. கூடவே இன்சுலின், மூக்குக் குழாய் வழியா சாப்பாடு, யூரின் டியூப். ராத்திரி ரெண்டு மணிக்கு "என் அம்மா எங்க?"ன்னு அழுற எண்பது வயசுப் பிள்ளையைத் தூங்க வைக்கிறதும் நர்ஸ் வேலைதான். ஆயா இங்க தனி. ஆயா சென்டருக்கு ஒரு போன் போட்டா பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு ஆள் வந்துரும்.

நியூ டவுனை சினிமாவுல பார்த்த கல்கத்தாவா நினைக்காத. அகல ரோடு, மாடி மேல மாடி. பிள்ளைங்க நியூ ஜெர்சியிலயும் பெங்களூர்லயும், அப்பா அம்மா பதினோராவது மாடியில. ஊரைக் கட்டுன ஹிட்கோவே பெரியவங்க தங்கறதுக்கு ஸ்னேகோதியான்னு ஒரு கட்டடம் வச்சிருக்கு. பெரியவங்களுக்குன்னே ஸ்வப்னோபோர்னு ஒரு பார்க்கும் உண்டு. நான் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போற இடம் வேற. கிடைக்கட்டும், பேரைச் சொல்றேன்.

இன்டர்வியூவுக்குப் படிப்பு பலமாத்தான் நடக்குது. "குளிக்கவே மாட்டேன்னு சண்டை போட்டா என்ன செய்வீங்க?"ன்னு கேட்பாங்களாம். வற்புறுத்தாம விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வேற மாதிரி போய்க் கேட்கணும். இங்க லேசா குளிர் காத்து அடிச்சாலே குரங்குக் குல்லாவை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துருவாங்க. கொஞ்ச நேரம்னா பங்குனி வரைக்கும் போல.

என்னைப் படுத்துறது பேர் விஷயம்தான். மாத்திரை கொடுக்கறதுக்கு முன்னால ரெண்டு அடையாளம் பார்க்கணும்: முழுப் பேரு, அப்புறம் பிறந்த தேதியோ ரெஜிஸ்டர் நம்பரோ. அதுலயும் "நீங்கதான இன்னார்?"னு கேட்கக் கூடாது. காது மந்தமானவங்க எதுக்கும் தலையாட்டிருவாங்க. அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும். நல்ல சட்டம்தான். போட்டவங்க வங்காளியைப் பார்த்ததில்ல.

இங்க ஆளுக்கு ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. கீழ் வீட்டுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவர்கிட்டதான் ஒத்திகை. கையில தண்ணி டம்ளர், தட்டுல மாத்திரைக்குப் பதில் ரெண்டு பொரி. "உங்க முழுப் பேரைச் சொல்லுங்க." "எந்தப் பேரு?" "சர்ட்டிபிகேட்ல இருக்கற பேரு." அவர் யோசிக்கறதுக்குள்ள அடுப்படியில இருந்து அவர் சம்சாரம், "கோகா, மருந்தை முழுங்கு!"ன்னு ஒரு அதட்டல். கோகான்னா சின்னப் பையன். வழுக்கைத் தலையும் சால்வையுமா இருக்கற மனுஷன் கோகா! சரின்னு பிறந்த தேதியைக் கேட்டேன். "ஸ்கூல்ல கொடுத்ததா, நிஜமானதா?" அதுவும் ரெண்டு. ஞாபகம் தப்பினவங்களுக்குக் கடைசி வரைக்கும் நிக்கிறது அந்த வீட்டுப் பேருதானாம். சார்ட்லயே போட்டோ ஒட்டி வச்சு, அதைப் பார்த்து சரிபார்ப்பேன்னு பதில் தயார் பண்ணியிருக்கேன்.

அவர் விட்டாரா? "உன் டைட்டில் என்ன?"ன்னு திருப்பிக் கேட்டார். பானர்ஜி, போஸ் மாதிரி பின்னால ஒண்ணு வேணுமாம். எஸ். செல்வின்னு சொன்னா யாருக்கும் ஆறல. இங்கத்த நர்சிங் கவுன்சில்ல பதியறதுக்கு நம்ம கவுன்சில் என்.ஓ.சி.யும் வேணும், பாரத்துல பின்பேரும் வேணும். அப்பா பேரையே எழுதிக் கொடுத்தேன். இப்ப ஊரே என்னை "சுப்பையா தீதி"ங்குது, அதாவது சுப்பையா அக்கா. அப்பா காதுல போட்டு வை. அவுக பேரைச் சொல்லி நாலு தடவை யாராவது கூப்பிட்டா, அன்னைக்கு எனக்கு சோறே இறங்க மாட்டேங்குது.

ஞாபகசக்தி டெஸ்ட்டும் அவர்கிட்டதான் போட்டுப் பார்த்தேன். 1975-ல வந்த பழைய டெஸ்ட், மொத்தம் 30 மார்க். தேதியும் இடமும் சொன்னா அதுலயே 10. "இது என்ன மாசம்?" "கார்த்திக்." தப்புன்னு பென்சிலை எடுத்துட்டேன். நமக்கு ஐப்பசி நடக்கறப்ப இவங்களுக்குக் கார்த்திக்காம். நம்ம திருக்கார்த்திகைக்கு விளக்கு ஏத்தறதுக்குள்ள இவங்க கார்த்திக் முடிஞ்சே போயிரும். முழு மார்க் கொடுத்தேன்.

இனி விளையாட்டு இல்ல, கவனமாப் படி. படுக்கைப் புண் வருமான்னு பார்க்க பிராடன் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு. 6-ல இருந்து 23 வரைக்கும் மார்க், குறையக் குறைய ஆபத்து, 18-க்கு இறங்கினாலே உஷாரா இருக்கணும். நீ போன்ல சொன்னதை வச்சு, படுக்கையில கிடக்கற நம்ம ஆச்சிக்குப் போட்டுப் பார்த்தேன். 13 வருது. மெடிக்கல்ல வாங்கினியே ரப்பர் காத்து வளையம், அதை எடுத்துரு. சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை வை, குதிகால் படுக்கையில படக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தணும். ஒரேயடியா ஒருக்களிச்சுப் போடாத, லேசா சாய்ச்சு முதுகுக்கு அண்டக் கொடு.

முதுகுக்குக் கீழ சிவந்திருந்தா விரலால அழுத்தி எடு. வெளுத்துத் திரும்பச் சிவந்தா பயமில்ல. வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா எந்நேரம்னாலும் எனக்குப் போன் போடு, இன்டர்வியூ அன்னைக்கா இருந்தாலும் சரி. ராத்திரி முறையைச் சித்தியோட பங்கு போட்டுக்கோ. அவ ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன்.

உன் மகள்
செல்வி