சாவி குடுக்குற வாட்ச்சு வாங்கப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. சாவி குடுக்குற வாட்ச்சு வாங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. விடிஞ்சு எட்டு மணிக்குப் பாயச் சுருட்டுற பயலுக்கு வினாடிக் கணக்கு எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ.

நேரந்தான் வேணும்னா ரோட்டுக் கடையில பேட்டரி வாட்ச்சு வாங்கு. உள்ள இருக்குற குவார்ட்ஸ் கல்லு வினாடிக்கு 32,768 தடவ துடிக்கும். மாசத்துக்கே 15 வினாடி முன்னப்பின்ன போனாப் பெருசு. நீ ஆசப்படுறது அப்படியில்ல. சுவிஸ்காரன் சோதிச்சு சர்டிபிகேட் குடுத்த சாமானே நாளைக்குச் சராசரியா 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். லட்சம் குடுத்தவன் அதப் பாரம்பரியம்பான். டவுன் பஸ்ஸு ஆறு நிமிசம் பிந்துனா மட்டும் டிரைவர வைவான்.

எச்.எம்.டி. ஜனதாவா? நல்ல ரசனைதான். 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட கூட்டுச் சேந்து பெங்களூருல வாட்ச்சு செய்ய ஆரம்பிச்சவங்க. 2016ல மூட உத்தரவாயிருச்சு. இப்பப் பச்ச, ஆரஞ்சுன்னு புதுசா மினுக்குறதப் பாத்து மயங்காத. டயலுக்குப் பெயிண்டு அடிச்சு, ஒண்ணோட சக்கரத்த இன்னொண்ணோட ஓட்டுக்குள்ள வச்சு விக்கிறவனும் இருக்கான்.

வாங்கிட்டியா, அது வண்டிமாடு மாதிரி. கவனிக்க ஆளு வேணும். தினமும் ஒரே நேரத்துல சாவி குடு. முட்டி நின்னா விட்டுரு, பலத்தக் காட்டாத. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்காக் கழட்டிக் கழுவி எண்ணெ போடணும். ஸ்பீக்கர் மேல வச்சா காந்தம் ஏறி, ஹேர் ஸ்பிரிங்குச் சுருள் ஒட்டிக்கிட்டு, வாட்ச்சு தலதெறிக்க ஓடும். கொஞ்சமா முந்துனா, ராத்திரி ஒருக்களிச்சு வச்சுப் பாரு. வைக்கிற வாக்குக்கு ஓட்டம் மாறும். காசில்லாத வைத்தியம். தேதி காட்டுறதா இருந்தா, ராத்திரி 9 மணிக்கும் விடியக்காலம் 3 மணிக்கும் நடுவுல அதத் திருப்பாத. பல்லு ஒடிஞ்சாலும் ஒடியும். நீ முழிச்சிருக்குறதே அந்த நேரந்தான், அதான் சொல்றேன்.

கடைக்காரங்கிட்ட மூணே கேளு: எண்ணெ எப்பப் போட்டது? நாளைக்கு எத்தன வினாடி ஓடிப்போகுது? உடஞ்சா சாமான் எங்க கிடைக்கும்? இளிச்சான்னா எந்திரிச்சு வந்துரு. பட்டுப் பட்டுன்னு சொன்னான்னா ரெண்டா வாங்கு, ஒண்ணு எனக்கு. விரலு நடுங்குதுடா, தினமும் நீதான் வந்து சாவி குடுக்கணும்.